இலக்கு பன்னிரண்டு

இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை வாசலிலிருந்து சமையலறைக்குக் கொண்டுபோக முடியாமல், கூடத்து நடுவில் போட்டுவிட்டு மூச்சு வாங்கி நின்ற அன்று எனக்கு அறுபத்தெட்டு வயது. வேளாண்மை அலுவலராகச் சேர்ந்து, உதவி இயக்குநராக ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ ஊர்களுக்கு என்ன ரகம் விதைப்பது, எப்போது உரம் போடுவது என்று அட்டவணை எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்த நெல்லில் ஒரு மூட்டையைக்கூட என் கையால் தூக்கியதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சிப்பத்தை உள்ளே இழுத்துப்போனது என் மனைவி. போகிற போக்கில் "வழிய விடுங்க" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லாததுதான் என்னை ஜிம்முக்கு அனுப்பியது.

ஜிம், தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், உரக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது. கடைக்காரர்தான் ஜிம்முக்கும் முதலாளி. கீழே யூரியா, பொட்டாஷ், பூச்சிமருந்து. மேலே புரத மாவு டப்பாக்கள். இரண்டு இடத்திலும் வாக்குறுதி ஒன்றுதான்: போடு, வளரும். மாடிப்படியில் ஏறும்போது பூச்சிமருந்து நெடி முடிந்து வியர்வை நெடி தொடங்கும் இடத்தை என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும்; எட்டாவது படி.

காலை ஆறு மணிக்கே கல்லூரிப் பிள்ளைகள் கண்ணாடி முன் நிற்பார்கள். கையை மடக்கி, புஜத்தைத் திருப்பி, பிறத்தியார் குழந்தையைக் கொஞ்சுவது போல அதைப் பார்ப்பார்கள். மார்பும் கையும் மட்டுமே உடம்பு என்பது அவர்கள் சித்தாந்தம். காலுக்கு ஒருவரும் பயிற்சி செய்வதில்லை. மேலே எருமை, கீழே கொக்கு. எங்கள் வயல்களில் இரண்டும் சேர்ந்து நிற்பதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். ஒரே உடம்பில் பார்த்தது அங்கேதான்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நான் அவர்களைவிடப் பெரிய கேலிக்கூத்து என்பதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தனியாகப் போகவில்லை. காலை நடையில் எனக்குத் துணையாக வரும் பாயையும் இழுத்துக்கொண்டு போனேன். வளைகுடாவில் இருபது வருடம் உழைத்துவிட்டு வந்து இரும்புச் சாமான் கடை வைத்து, இப்போது அதை மகன்களிடம் விட்டிருப்பவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். என்னைச் 'சார்' என்பார். நான் 'பாய்' என்பேன். பதினோரு வருடத்தில் அதற்கு மேல் ஒரு பெயர் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

எனக்கு அரிசிச் சிப்பம் என்றால், பாய்க்கு நாற்காலி. வலது முட்டி மடங்காமல் போனதிலிருந்து அவரால் தொழுகையில் தரையில் உட்கார்ந்து நெற்றியைத் தரையில் வைக்க முடியவில்லை. பள்ளிவாசலில் பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். அதில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து முடித்துக்கொள்ள வேண்டியது.

"தப்பில்ல சார், முடியாதவனுக்கு அனுமதி இருக்கு" என்றார் ஒரு நாள், பெரிய கோயில் அகழி ஓரம் நடக்கும்போது. "ஆனா அந்த வரிசை இருக்கு பாருங்க, எல்லாம் கிழங்க. தொழுகை முடிஞ்சதும் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவுன்னு இதே பேச்சு. ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கு. வர்ற ரமலானுக்குள்ள நான் முன்வரிசைக்குப் போயிடணும் சார். ஒரு தடவையாவது நெத்திய தரையில வச்சிடணும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். அப்போது ஆடி மாதம். ரமலானுக்கு ஏழு மாதம் இருந்தது.

ஜிம்மில் பயிற்சி சொல்லிக் கொடுப்பவரை எல்லாரும் மாஸ்டர் என்றார்கள். ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம். முப்பத்தைந்து வயதிருக்கும். உடற்கல்வியில் பட்டம் பெற்றவர். அவர் அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள் என்று அவரே ஒரு நாள் சொன்னார். உடனே என் மனசுக்குள் ஒரு வாக்கியம் ஓடியது: 'இவன் அப்பன் கூலிக்கு நட்ட வயலுக்கு அட்டவணை போட்டவன் நான்.' வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஓடியது ஓடியதுதான். அதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதுவதில் அர்த்தமில்லை.

மாஸ்டர் எங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார். பாயின் அட்டையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திங்கள், புதன், வெள்ளி மட்டும் பயிற்சி. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது, எட்டு தடவை, இரண்டு சுற்று. தாழ்வான பலகையில் ஏறி இறங்குவது. குதிகாலைத் தூக்கி நிற்பது. இரண்டு கிலோ எடையை இடுப்புக்கு இழுப்பது. அடியில் கோடு போட்டு ஒரு விதி எழுதியிருந்தார்: மூன்று நாளும் வலி இல்லாமல் முடித்தால் மட்டும் அடுத்த வாரம் ஒன்று கூட்டவும்.

"நாற்காலிய விட்டு எந்திரிக்கத்தான் வந்திருக்காரு. நீங்க நாற்காலியிலயே உக்கார வைக்கிறீங்களே மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"எந்திரிக்கிறதுதான் சார் பயிற்சியே. உக்கார்றது ஓய்வு."

"வாரத்துல நாலு நாள் சும்மா இருந்தா சதை எப்படிப் பிடிக்கும்?"

"சும்மா இருக்கறப்பதான் சார் பிடிக்கும். தூக்கறப்ப அது கிழியுது. தூங்கறப்பதான் வளருது. நல்லா சாப்பிடணும், தூங்கணும். சோத்த கொஞ்சம் குறைச்சு முட்டை, மீன், பயறு சேர்த்துக்கச் சொல்லுங்க."

தஞ்சாவூரில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்துச் சோற்றைக் குறை என்று சொல்கிறான்; நான் சரித்திரத்தின் முடிவைக் கண்டது போல பாயைப் பார்த்தேன். பாய் பவ்யமாக அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் அவர் அட்டைப்படியே செய்தார். எட்டு பத்தானது. பத்து பதினொன்றானது. ஒரு வாரம் முட்டி வலித்தது. மாஸ்டர் பதினொன்றை எட்டாக்கிவிட்டார். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இலக்கைக் குறைப்பதா? என் உத்தியோக வாழ்க்கையில் நான் ஒரு முறைகூட இலக்கைக் குறைத்ததில்லை. என் படிவத்தில் நான்கு பத்திகள் இருக்கும்: இலக்கு, சாதனை, சதவீதம், குறிப்பு. வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, நாற்று பிடித்ததா என்பதெல்லாம் நான்காவது பத்தியின் சங்கதி. சாதனைப் பத்தியை வயலுக்குப் போவதற்கு முன்பே பென்சிலால் நிரப்பிவைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. போய்ப் பார்த்த பிறகு அதன் மேலேயே மையால் எழுதுவேன். பல சமயம் போகாமலே எழுதினேன்.

புரட்டாசியில் மாஸ்டர் பத்து நாள் விடுப்பில் போனார். குத்தகைக்கு எடுத்திருந்த வயலில் சம்பா நடவு. "அட்டையில இருக்கறத மட்டும் செய்ங்க பாய். சந்தேகம்னா போன் அடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே நான் ஒரு முழுத்தாளை எடுத்துக் கோடு போட்டேன். பாய்க்கான புதிய அட்டவணை. வாரத்துக்கு ஆறு நாள். நாற்காலி ரத்து. அதற்குப் பதில் தோளில் இரும்புத் தடியை வைத்து உட்கார்ந்து எழுவது. முதல் இரண்டு நாள் வெறும் தடி; அது நடவுக்கு முன் போடும் அடியுரம். மூன்றாம் நாள் இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து கிலோ, முதல் மேலுரம். ஆறாம் நாள் பத்து கிலோ, இரண்டாம் மேலுரம். ஒன்பதாம் நாள் பதினைந்து. இந்த வார்த்தைகளையே எழுதினேன். வேடிக்கைக்காக அல்ல; எனக்குத் தெரிந்த மொழி அதுதான். யூரியாவை அள்ளிக் கொட்டினால் பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும், பக்கத்து வயல்காரன் பொறாமைப்படுவான், கார்த்திகை மழையில் மொத்தமும் படுத்துவிடும் என்று ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்கு நான்தான் சொன்னேன். அவர்களுக்குச் சொன்னேன், அவ்வளவுதான்.

பாய் தாளைப் பார்த்தார். "மாஸ்டர் கோச்சுக்குவாரே சார்."

"இல்லாத ஆளு எப்படி கோச்சுக்குவாரு? ரமலானுக்கு அஞ்சு மாசம்கூட இல்ல பாய். எட்டு, பத்து, திரும்ப எட்டு... இந்தக் கணக்குல போனா அடுத்த ரமலானும் பின்வரிசைதான்."

பின்வரிசை என்ற சொல் வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

முதல் நான்கு நாள் எல்லாம் பிரமாதமாக நடந்தது. தடியோடு பாய் உட்கார்ந்து எழுவதைப் பார்த்துக் கண்ணாடிப் பிள்ளைகளே கைதட்டினார்கள். "தாத்தா செம்ம" என்றான் ஒருவன். பாய் முகம் சிவந்துபோனார். ஐந்தாம் நாள் படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"முட்டி உள்ளுக்குள்ள கரகரங்குது சார்."

"பழக்கமில்லாத வேலை செஞ்சா அப்படித்தான். சதை பிடிக்கிது பாய்."

அன்றைக்கு அட்டவணையின் நான்காவது பத்தியில் எழுதினேன்: நல்ல முன்னேற்றம். ஆறாம் நாளைக்கும் ஏழாம் நாளைக்கும் உள்ள சாதனையைப் பென்சிலால் அப்போதே நிரப்பிவிட்டேன்.

ஒன்பதாம் நாள். தடியின் இரு பக்கமும் வட்டுகளை மாட்டினேன். பாய் ஐந்து தடவை எழுந்தார். ஆறாவதில் கீழே போனார். முட்டியில் ஒரு சத்தம். உடைந்த சத்தம் என்று சொல்ல முடியாது, ஈரக் குச்சியைத் திருகினால் வருமே, அப்படி ஒன்று. பிள்ளைகள் ஓடி வந்து தடியைப் பிடித்துக்கொண்டார்கள். பாய் தரையில் இருந்தார். ஏழு மாதத்தில் தரைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் மூன்றாவது மாதத்திலேயே போய்விட்டார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

நான்கு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். நான் தூக்கவில்லை. என் அட்டவணையை மடித்து என் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். பாயின் அட்டையும் அதோடு சேர்ந்து வந்துவிட்டதாக நினைத்தேன். உண்மையில் நடந்தது வேறு. அட்டையை எடுத்துக்கொண்டு, அட்டவணையைப் பாயின் பைக்குள் வைத்துவிட்டிருக்கிறேன். பதற்றத்தில் செய்த அந்த ஒரு தவறைத்தான் இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியமாகச் சொல்லலாம்.

பாய்க்கு அடிபட்டது என்று மட்டும் கேள்விப்பட்டு, மாலையில் மாஸ்டர் போன் செய்தார். சேற்றில் நின்று பேசுகிறார் என்பது பின்னால் கேட்ட பெண்களின் பேச்சிலிருந்தே தெரிந்தது.

"என்ன சார் ஆச்சு? எத்தனை தடவை எந்திரிச்சாரு? கையில வெயிட்டு ஏதும் இருந்திச்சா?"

"உங்க அட்டைல இருக்கறபடிதான் மாஸ்டர் செஞ்சோம்" என்றேன்.

மாஸ்டர் "சரிங்க சார்" என்றார்.

மூன்றாம் நாள் அவர் வேலைக்குத் திரும்பிய காலை, பாயின் மூத்த மகன் மாடியேறி வந்தான். உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அறுபத்தாறு வயசு ஆளு தோள்ல இரும்பத் தூக்கி வச்சிருக்கீங்க. அறிவிருக்கா? படிச்சுத்தான் வந்தீங்களா, இல்ல சர்டிபிகேட்ட சந்தையில வாங்குனீங்களா?"

மாஸ்டர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். கீழேயிருந்து முதலாளி வந்தார். அவரும் சத்தம் போட்டார். பாட்டை யாரோ நிறுத்திவிட்டார்கள். அந்தக் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது மின்விசிறியும் நானும்தான்.

நான் எங்கே இருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அவர்களிடமிருந்து பத்தடி தள்ளி, கண்ணாடிக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்து, ஏழரைக் கிலோ எடையை வலது கையால் மடக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். 'தம்பி, அது என் வேலை.' எழுந்து நிற்கக்கூட வேண்டாம். ஒன்பது, பத்து, பதினொன்று. என் அன்றைய இலக்கு பன்னிரண்டு. முடித்தேன்.

மாஸ்டரைத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் நடக்கும் பாதையை மாற்றிக்கொண்டேன். அகழிப் பக்கம் போகாமல் புதுப் பேருந்து நிலையத்துப் பக்கம் நடந்தேன். புகை, இரைச்சல், தெருநாய். ஆனால் பாய் வீட்டுப் பக்கம் யாரும் அந்த வழியில் வர மாட்டார்கள். ஜிம்முக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. ஆண்டுச் சந்தா கட்டியிருந்தேன். என் புஜம் உருண்டது. தை மாதம் வந்த அரிசிச் சிப்பத்தை ஒரே மூச்சில் தூக்கிச் சமையலறையில் வைத்தேன். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பாய எப்பப் போயிப் பாக்கப் போறீங்க?"

மாசி பிறந்தும் நான் போகவில்லை. ரமலான் பிறை தெரிவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் போனேன்.

கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் பாய் ஒரு மர நாற்காலியில் இரண்டு தலையணையை அடுக்கி அதன் மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே, தரையில் சம்மணம் போட்டு, மாஸ்டர்.

"நாலு. அவசரம் வேணாம் பாய். குதிகால் தரையில இருக்கட்டும். அஞ்சு..."

என்னைப் பார்த்ததும் பாய் பாதி எழுந்த நிலையில் நின்றார். "வாங்க சார். நின்னுக்கிட்டே வரவேற்கிறேன் பாருங்க, இதுக்கே நாலு மாசம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

நான் வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியங்களை நின்றபடியே சொன்னேன். அட்டவணை என்னுடையது. போனில் சொன்னது பொய். அன்றைக்குப் பேசாமல் இருந்தது கோழைத்தனம். நன்றாகத்தான் சொன்னேன், கூட்டங்களில் பேசிப் பழகியவன் அல்லவா. சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் அதிர்ந்துபோவார்கள் என்று ஏனோ எதிர்பார்த்திருந்தேன்.

பாய் பக்கத்து மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நான்கு பத்திகள். அடியுரம், மேலுரம். ஒவ்வொரு வரிக்கும் கீழே என் சுருக்கொப்பம்.

"ஆஸ்பத்திரியில என் பையில இருந்திச்சு சார். பையன் மாஸ்டர திட்டிட்டு வந்து சொன்னான். அன்னைக்கே இத எடுத்துக் காமிச்சேன். அவன் மறுநாளே மாஸ்டர் வீடு தேடிப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு கையோட கூட்டிட்டு வந்துட்டான்."

"அப்ப... எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"நீங்கதான் புது பஸ் ஸ்டாண்டுல நடக்கறீங்களாமே."

மாஸ்டர் என் பக்கம் திரும்பவில்லை. பாயின் முட்டிக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு நீங்க பன்னெண்டு முடிச்சீங்க சார். நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். பழக்கம், விட மாட்டேங்குது. பத்தாவதுலேர்ந்து இடுப்ப ஆட்டி ஆட்டித் தூக்குனீங்க. அதெல்லாம் சேராது. ஒம்பதுதான்."

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. அந்தக் கூடத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மறுநாள் உரக்கடை முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, மாஸ்டரைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். அவர் ஒரு விவசாயிக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தார். "கம்பில வெயிட்டு மாட்டுனது நீங்கன்னு பசங்க அன்னைக்கே சொல்லிட்டாங்க சார். நீங்க மெம்பரு. அவரு சம்பளத்துக்கு இருக்கறவரு. யாரப் போகச் சொல்ல முடியும், சொல்லுங்க?" என்றார். மாஸ்டரிடம் கேட்டால் அவரும் வர மறுத்துவிட்டார். வீடு வீடாகப் போகிறாராம். எட்டு வீடு, எல்லாம் முட்டி. என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அதைக் கேட்கும் தைரியம் இன்னும் வரவில்லை.

ரமலான் முழுவதும் பாய் நாற்காலியில்தான் தொழுதார். பெருநாள் அன்று பிரியாணி கொடுத்தனுப்பிவிட்டுப் போன் செய்தார். முன்வரிசை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "பின்வரிசையிலதான் சார். பரவாயில்ல, அங்கதான் ஃபேனு நல்லா ஓடுது." சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை நான் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. நான் கைவைக்காமல் இருந்திருந்தால் அந்த நெற்றி அன்று தரையில் பட்டிருக்கும் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பட்டிருக்காது என்றும் சொல்ல முடியாதபடி செய்துவிட்டேன்.

இப்போது ஜிம்முக்குப் போவதில்லை. திங்கள், புதன், வெள்ளி காலை பாய் வீட்டுக் கூடத்தில் நானும் இருப்பேன். எனக்கும் ஓர் அட்டை உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வதில் தொடங்குகிறது. எடை தூக்கத் தெரிந்த என் கைகளுக்கு அதில் வேலை இல்லை. பன்னிரண்டாவது தடவை என் தொடை நடுங்குவதைப் பாய் ரசித்துப் பார்ப்பார். "சதை பிடிக்கிது சார்" என்பார்.

பாயின் அட்டையை எழுதும் வேலையை மாஸ்டர் எனக்குக் கொடுத்திருக்கிறார். அவர் சொன்ன பிறகுதான் எழுதலாம். பென்சில் கூடாது. நேற்று ஒன்பது என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். பாய் ஒன்பதாவதுக்கு எழும்போது கை தன்னையறியாமல் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு என்று எழுதினேன். "ஒரு விரல்தானே சார் பட்டிச்சு" என்று பாய் இன்னும் கோபமாக இருக்கிறார்.